நாலரை மணி டிரங்க் கால்

ஊரில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அழைத்தவர்களிடமெல்லாம் “லைன்ல இருங்க, லைன்ல இருங்க” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. லைனக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கணவருக்குக் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் சின்னக் கடை. அங்கே வருகிறவர்கள் அவரையே “லைனக்கா வீட்டுக்காரர்” என்பார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வீடு போன் வராத காலம் அது. வெளியூருக்கு டிரங்க் கால் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, கீழே கவுண்டரில் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் மரக்கதவு போட்ட பூத்துக்குள் போய் ரிசீவரை எடுத்தால் மாடியிலிருந்து லைனக்காவின் குரல் வரும். மாடியில் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. பலகை நிறையத் துளைகள், துளைகளில் செருக வயர்கள், அவற்றுக்குக் கீழே வரிசையாகச் சாவிகள். சாவியைத் தன் பக்கம் இழுத்தால் லைனில் பேசுவது காதில் விழும். விட்டால் விழாது. இணைப்பு கிடைத்துவிட்டதா என்று பார்க்கும் வரைக்கும் கேட்கலாம், பேச ஆரம்பித்ததும் சாவியை விட்டுவிட வேண்டும் என்பது விதி. கேட்டது காதோடு போக வேண்டும் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

லைனக்கா பதினேழு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதிப்பேரை அவளுக்கு முகம் தெரியாது, குரல் தெரியும். கடைத்தெருவில் பின்னால் யாராவது இருமினால்கூட, இவர் மரக்கடை முதலாளி, இரண்டாம் பூத்தில் நின்று மாதாமாதம் மகளிடம் பேசுகிறவர் என்று திரும்பாமலே சொல்லிவிடுவாள். மனசுக்குள்தான். வாய் திறக்க மாட்டாள்.

அவள் வீட்டில் மூன்றே பேர். அவள், கடிகாரக்காரர், புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார். குழந்தை இல்லை. இரண்டு முறை வயிற்றில் தங்கியது, இரண்டு முறையும் கைக்கு வரவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு நாள் காலை, வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் நேரே ரயில் நிலையத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட் வாங்கவில்லை. எங்கே போவது என்று யோசிக்கவும் இல்லை. ரயில்கள் வந்தன, போயின. சாயங்காலம் கடிகாரக்காரர் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “டீ குடிக்கலாமா?” என்றார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய் ஓயாத மனுஷன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதற்காகவே அவருடைய மற்ற பேச்சையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள்.

அவர் பேச்சில் முக்கால்வாசி துப்பறியும் கதை. அந்த நாளில் குற்றக்கதை எழுதுவதில் பேர்போன ஒரு அம்மாள் இருந்தார். அவர் புத்தகம் இல்லாத ரயில் நிலையக் கடை கிடையாது. கடிகாரக்காரர் எல்லாவற்றையும் வாங்கிப் படிப்பார். பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாக வீட்டில் அறிவிப்பார். கடைசிப் பக்கத்தில் வேறு ஆளாக இருந்தால், எழுதினவருக்குத்தான் விவரம் போதவில்லை என்பார்.

அந்த எழுத்தாளரம்மா ஒரு திங்கட்கிழமை காணாமல் போனார்.

நகரத்தில் பெரிய நூலகம் ஒன்றின் வாசலில் அவரை டிரைவர் காரிலிருந்து இறக்கிவிட்டார். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டு டிரைவர் உள்ளே போய்த் தேடினார். ஆள் இல்லை. மறுநாள் போலீஸ் காரைச் சோதித்தபோது அவருடைய கைப்பை முன் சீட்டுக்கு அடியில் கிடந்தது. புதன்கிழமை எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம் அதுதான்.

“புருஷன்தான்,” என்றாள் நாத்தனார், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு. “போட்டோவைப் பாருங்க. அழற முகமா அது? முடியை வழிச்சு சீவிட்டு வந்து நிக்கறான்.”

“உனக்கு எல்லாத்துக்கும் புருஷன்தான்,” என்றார் கடிகாரக்காரர். “கைப்பை எங்க இருந்துச்சு? டிரைவர் சீட்டுக்கு அடியில. அவன்தான். இதுக்கெல்லாம் துப்பறியவே வேணாம்.”

“அண்ணி, நீங்க சொல்லுங்க.”

“எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு,” என்று லைனக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று மதியம் நாலரை மணிக்கு இரண்டாம் பூத்திலிருந்து ஒரு டிரங்க் கால். கீழேயிருந்து வந்த சீட்டில் பேர் இல்லை, ‘ஏரிக்கரை விடுதியில் தங்கியிருக்கும் அம்மாள்’ என்று மட்டும் இருந்தது. மலையடிவாரத்து ஊர் ஒன்றின் நம்பர். இணைப்புக் கிடைத்தது. எதிர்முனையில் ஒரு சிறுமி “ஹலோ” என்றாள். பூத்திலிருந்து பேச்சே இல்லை. சிறுமி இரண்டு முறை ஹலோ சொன்னாள். லைன் அறுந்துவிட்டதோ என்று லைனக்கா சாவியை இழுத்துப் பிடித்துக் கேட்டாள். லைன் அறுபடவில்லை. பூத்துக்குள் யாரோ மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. சிறுமி போனை வைத்துவிட்டாள். லைனக்கா சீட்டில் நேரத்தைக் குறித்து, ‘பேச்சு இல்லை’ என்று எழுதினாள்.

மறுநாளும் அதே நேரம், அதே நம்பர், அதே மௌனம். “அம்மா, லைன் கிடைச்சாச்சு, பேசலாம்,” என்று அவளே ஒரு தடவை நடுவில் சொல்லிப் பார்த்தாள். பதில் இல்லை. அந்த மௌனத்தில் சாவியை விடவும் முடியவில்லை. பேச்சு ஆரம்பித்தால்தானே விடுவது?

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகையில், எழுத்தாளரம்மாவின் ஒன்பது வயது மகள், முன்பே லீவுக்குப் போயிருந்த அவருடைய அக்காள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று போட்டிருந்தது. ஊர்ப்பேரும் போட்டிருந்தது. மலையடிவாரத்து ஊர். லைனக்காவுக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. நாலரை மணிக்கு அந்தச் சிறுமி போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ரொம்ப மெல்ல, பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, “அம்மாவா?” என்றாள்.

பூத்துக்குள் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது லைனக்காவின் காதுக்கு வந்தது. நாடு முழுவதும் தேடிக்கொண்டிருக்கிற ஒருவர் அவளுக்கு நேர் கீழே, பதினெட்டுப் படிக்கட்டு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க விசாரணைதான். “ஆத்துலதான் தள்ளியிருப்பான்,” என்றார் கடிகாரக்காரர். “ஆத்துல தண்ணியே இல்லியேண்ணா,” என்றாள் நாத்தனார். “அப்போ கிணறு,” என்றார் அவர், சற்றும் தளராமல். லைனக்கா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள். நாக்கு நுனி வரை வந்ததை மென்று முழுங்கினாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கடை திறந்த அரை மணி நேரத்தில் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி ஒரு பக்கம். அதைவிட, ரயில் நிலையத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது யாராவது வந்து ‘நீ இன்னார்தானே’ என்று கையைப் பிடித்திருந்தால் தன்னால் தாங்கியிருக்க முடியாது என்று அவள் நினைத்தாள். ஒரு பொம்பளை நாலு நாள் யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே. தானாகக் கிளம்பி வந்தவருக்குத் தானாகத் திரும்பத் தெரியும்.

சனிக்கிழமை நாலரைக்கும் அதே நம்பர், அதே மௌனம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் நாத்தனார் பத்திரிகையை உரக்கப் படித்தாள். சனிக்கிழமை டிரைவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. வீட்டைச் சோதித்தார்கள், மனைவியையும் விசாரித்தார்கள், ‘உண்மையை வரவழைக்க முயற்சி நடக்கிறது’ என்று எழுதியிருந்தது.

“நான்தான் சொன்னேனே,” என்று கடிகாரக்காரர் தங்கையைப் பார்த்தார்.

உண்மையை எப்படி வரவழைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்று முழுவதும் லைனக்கா துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். போலீசுக்குப் போன் பண்ணலாமா? பண்ணினால் அவர்கள் ஜீப்பைப் போட்டுக்கொண்டு வந்து அந்த அம்மாவை ஏரிக்கரை விடுதியிலிருந்து இழுத்துக்கொண்டு போவார்கள். வாசலில் போட்டோ எடுக்க ஆள் நிற்பார்கள். பண்ணாவிட்டால்? நாளைக்குள் அந்த அம்மாவே பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நாலரைக்கு மறுபடி அதே கால். அன்று சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் வந்திருந்தாள். ஆனால் மேற்பார்வை பார்க்கும் மேடம் சரியாக அந்த நேரத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று மற்றொரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். கண்டிப்பான மனுஷி. பலகையில் உட்கார்ந்திருக்கும்போது தும்மினால்கூட ஏன் என்று கேட்பவர். லைனக்கா வயரைச் செருகினாள். சிறுமியின் ‘ஹலோ’, மௌனம், முடிந்தது. சீட்டில் ‘பேச்சு இல்லை’ என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மேடம் அங்கே இருக்கிறாரா இல்லையா என்று அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பூத்தில் ரிசீவரை எடுத்ததும், எதிர்முனைக்குப் போடாமல், சாவியை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அம்மா, நம்பர் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல.”

லைனக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்க டிரைவரைச் சனிக்கிழமை பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. உங்களை ஏதோ பண்ணிட்டார்னு. இன்னும் விடல. நீங்க பேப்பர் பாக்கலியா?”

பூத்திலிருந்து குரல் வந்தது. லைனக்கா அந்தக் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிட மெல்லிய குரல், கொஞ்சம் கரகரப்பாக, பேசிப் பல நாளானது மாதிரி.

“பாக்கறதில்ல. வேணும்னேதான் பாக்கல.” பிறகு, “அவருக்கு ரெண்டு பசங்க இருக்காங்க.”

“ம்.”

“நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லம்மா. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல.”

“எப்பலேருந்து தெரியும்?”

“வெள்ளிக்கிழமைலேருந்து. உங்க பொண்ணு கேட்டாளே, அப்ப.”

பூத்துக்குள் மறுபடி மூச்சுச் சத்தம் மட்டும். லைனக்கா காத்திருந்தாள். பலகையில் வேறு இரண்டு விளக்குகள் எரிந்தன. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

“எந்த நம்பர் போடட்டும்மா? அதேதானா, வேறயா?”

“அதையே போடுங்க.”

சிறுமி எடுத்தாள். “ஹலோ” என்றுகூடச் சொல்லவில்லை. எடுத்ததுமே “அம்மாவா?” என்றாள்.

“ஆமாடா கண்ணு. அம்மாதான்.”

லைனக்கா சாவியை விட்டுவிட்டாள். ஏழு நாளில் முதல் தடவையாக அந்த லைனில் பேச்சு நடந்தது, அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தெரியாது. சீட்டில் பதினோரு நிமிடம் என்று எழுதினாள். ஜன்னலருகே போய்ப் பார்த்தபோது சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒருவர் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. வேகமாக நடந்தார்.

புதன்கிழமை எழுத்தாளரம்மா கிடைத்துவிட்டார். நகரத்துக் காவல் நிலையத்துக்குத் தானே ரயில் ஏறிப் போய், டிரைவரை விடும்படி சொன்னார். வெளியே வந்த டிரைவரின் படத்தைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். சட்டை கசங்கி, யாரோ கைத்தாங்கலாகப் பிடித்திருக்க, கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். குடும்ப டாக்டர் ஒரு அறிக்கை விட்டார். அம்மையாருக்கு அதிர்ச்சியில் நினைவு தப்பிவிட்டது, ஒன்பது நாளும் தன் பேர்கூடத் தெரியாமல் இருந்தார் என்று. நாட்டில் பாதிப்பேர் ஐயோ பாவம் என்றார்கள். பாதிப்பேர் அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம் என்றார்கள். கடிகாரக்காரர் மூன்று நாளில் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டார்.

தன் பேர் தெரியாதவர், அக்காள் வீட்டு நம்பரை மட்டும் தினமும் தப்பாமல் எழுதிக் கொடுத்தார் என்று லைனக்காவுக்குத் தெரியும். கூடவே, அந்தச் சீட்டுகள் எல்லாம் அலுவலக அலமாரியில் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஒரு நிருபர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். சால்வை போர்த்திய அம்மாள் தினமும் இந்தப் பக்கம் போனதாக விடுதியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கீழே கவுண்டரில் நிற்கும்போதே லைனக்கா மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். லைனில் தான் குறுக்கே பேசியதையும் சேர்த்து.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “பதினேழு வருஷத்துல உன்மேல ஒரு கரும்புள்ளி கிடையாது.”

“தெரியும் மேடம்.”

“நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க.”

“என்னன்னு எழுதறது? உள்ளது உள்ளபடி எழுதினா மேல பத்துப்பேர் படிப்பாங்க. அதுல ஒருத்தன் இந்த நிருபரோட மச்சானா இருப்பான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘வேலை நேரத்தில் வாடிக்கையாளரிடம் தேவையற்ற பேச்சு’ என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு கீழே இறங்கிப் போய், கால் விவரம் வேண்டுமானால் கோர்ட் உத்தரவு கொண்டுவாருங்கள் என்று நிருபரிடம் ஒற்றைக் காலில் நின்றார். நிருபர் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் ஆனதும் பழைய சீட்டுகளை வழக்கம்போல எரித்தார்கள்.

அந்த ஒரு வரியால் அவளுக்கு வர வேண்டிய மேற்பார்வைப் பதவி அவளுக்குப் பின்னால் சேர்ந்த பெண்ணுக்குப் போனது. “யாருகிட்ட என்ன தேவையில்லாத பேச்சு பேசின நீ? வீட்லயே வாயைத் தொறக்க மாட்டியே,” என்று கடிகாரக்காரர் குதித்தார். எக்ஸ்சேஞ்சுக்கே போய்ச் சண்டை போடுவதாகச் சொன்னார். அவள்தான் கெஞ்சி நிறுத்தினாள். எதற்கு என்று அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

பதவி போனதை அவள் ஒரு வருடத்தில் மறந்துவிட்டாள். மறக்க முடியாதது வேறு. ஞாயிறு, திங்கள். அந்த இரண்டு நாள். ஞாயிறு காலையிலேயே தெரியும். எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து போனால் பத்து நிமிடம். விடுதிக்கு நடந்து போனால் அதைவிடக் குறைவு. போகவில்லை. திங்கட்கிழமை மேடம் பின்னால் நின்றார் என்பது ஒரு சாக்கு. கசங்கின சட்டையோடு அந்த மனுஷர் கேமராவைப் பார்க்காமல் நின்ற படம் அவளுக்குச் சமைக்கும்போது வரும், தலை வாரும்போது வரும்.

இருபத்துமூன்று வருடம் கழித்து எழுத்தாளரம்மா தம் படுக்கையிலேயே நிம்மதியாக இறந்துபோனார். அதற்குள் எக்ஸ்சேஞ்சில் தானியங்கி இயந்திரம் வந்துவிட்டது. லைனக்கா ஓய்வு பெற்றுவிட்டாள். நாத்தனார் போய்ச் சேர்ந்துவிட்டாள். ‘ஒன்பது நாள் மர்மம் அவரோடு மறைந்தது’ என்று பத்திரிகை எழுதியிருந்தது. கூடவே டிரைவரின் ஒரு சின்னப் பேட்டி. எழுபது வயதில் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறாராம். அம்மா என்னைக் கடைசி வரை விடவில்லை என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்குத்தான் அவள் கணவரிடம் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டது அவளுக்கே ஆச்சரியம்.

“நான் உன் எதிர்ல உக்காந்து கிணறு, ஆறுன்னு பேசிட்டிருந்தேன்.”

“ஆமா.”

“நீ சாப்பிட்டுட்டு இருந்த.”

“சொல்லியிருந்தா ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்.”

அவர் மறுத்துப் பேசவில்லை. “ஏன் போனாங்களாம்?” என்று மட்டும் கேட்டார்.

“எனக்குத் தெரியாது. நான் கேக்கல.”

பிறகு அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். கடிகாரக்காரர் எழுந்து போய், வீட்டில் புதிதாக வந்திருந்த போனை அதன் வயரோடு இழுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

எழுத்தாளரம்மா வீட்டு நம்பர் டைரக்டரியில் இருந்தது. யாரோ எடுத்தார்கள். டிரைவரைக் கூப்பிடச் சொன்னாள். வர நேரமானது. தான் யார் என்று சொன்னாள்.

“அம்மா ஒரு தடவை சொன்னாங்க,” என்றார் டிரைவர். “போன்ல ஒரு பொண்ணு சொல்லித்தான் வந்தேன்னு. அது நீங்கதானா?”

“எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும்ங்க. செவ்வாக்கிழமைதான் சொன்னேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“ஞாயிறு, திங்கள்,” என்று அவர் மெதுவாக நினைத்துப் பார்த்தார். “அது ரெண்டும் கொஞ்சம் கஷ்டமான நாள்தான்மா. பொய் சொல்ல மாட்டேன். ஒரு காது அதுக்கப்புறம் கேக்கறதில்ல. இப்ப இந்தப் பக்கக் காதுல வெச்சுப் பேசறேன்.”

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லலைன்னா புதனும் வியாழனும் அப்படித்தான் போயிருக்கும்,” என்றார் அவர். “நான் அப்படித்தான் கணக்குப் போட்டுக்கறேன். நீங்களும் அப்படியே போட்டுக்குங்க.”

“முயற்சி பண்றேங்க.”

“சத்தமா பேசுங்கம்மா. நல்ல காதுதான், ஆனா அதுக்கும் வயசாச்சு.”

லைனக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். அவருடைய இரண்டு பையன்களும் என்ன பண்ணுகிறார்கள் என்று கேட்டாள். மூத்தவன் லாரி ஓட்டுகிறான், சின்னவன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்றார். சின்னவனுக்கு மூன்று பெண்கள். மூன்றும் எப்படி வாயாடும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.